மூச்சை எண்ணிய பிறகு எழுதுங்கள்: வார்டுப் பயிற்சிக்கு வரும் செவிலிய மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டில், திறன் ஆய்வகத்தில் பொம்மைக்குப் படுக்கை விரித்து, பொம்மையின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பழகிக்கொண்டிருக்கும்போதே வார்டு போஸ்டிங் அட்டவணை, அதாவது யாருக்கு எந்த வார்டில் எப்போது பயிற்சி என்ற பட்டியல், அறிவிப்புப் பலகைக்கு வந்துவிடுகிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பாடத்திட்டத்தின்படி, செவிலிய அடிப்படைப் பாடத்துக்கு மட்டும் முதல் பருவத்தில் 160 மணி நேரமும் இரண்டாம் பருவத்தில் 320 மணி நேரமும் மருத்துவமனையில் கழிக்க வேண்டும். வகுப்பறையில் 80 சதவீத வருகை இருந்தால் தேர்வெழுதலாம். வார்டுப் பயிற்சியிலோ, விடுபட்ட நாள்களையெல்லாம் ஈடுசெய்து 100 சதவீதத்தை எட்டினால்தான் பட்டம் கிடைக்கும். நான் தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் பயிற்சி பெற்று, இப்போது எட்டாம் பருவ இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். முதல் போஸ்டிங்கில் எனக்கு யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் நாளுக்கு முன்

தடுப்பூசியிலிருந்து தொடங்குங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று தவணையாகப் போட வேண்டும் என்பதால், கல்லூரியில் சேர்ந்த உடனேயே தொடங்கினாலும் போஸ்டிங் தொடங்கும்போது பெரும்பாலும் இரண்டு தவணைதான் முடிந்திருக்கும். மூன்றாவது தவணையைப் பலர் மறந்துவிடுகிறார்கள், நீங்கள் மறக்காதீர்கள். அது முடிந்து ஒன்றிரண்டு மாதங்களில் எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்றும், சட்டைப்பையில் இரண்டு பேனாவும், உள்ளங்கை அளவு குறிப்பேடும், சிறிய டார்ச்சும், இஞ்ச் டேப்பும் இருக்கட்டும். நாடி பார்க்கக் கைபேசியை எடுக்க முடியாது. எடுத்தாலும், தன் கையைப் பிடித்துக்கொண்டு கைபேசியைப் பார்க்கிறவளை நோயாளி நம்ப மாட்டார். கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டாமல் சீருடையில் குத்திக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், நீண்ட நகம் ஆகிய மூன்றும் விடுதியிலேயே இருந்துவிட வேண்டும். காலை டியூட்டிக்குச் சாப்பிடாமல் போகாதீர்கள். வெறும் வயிற்றோடு போய், முதல் டிரெஸ்ஸிங்கைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி விழுந்தவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். கண் இருட்டிக்கொண்டு வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வார்டுக்குள் நுழைந்ததும்

முதல் ஒரு மணி நேரத்தில் எந்தச் சிகிச்சையையும் செய்யத் துடிக்காமல் இடத்தைப் பழகிக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே இருக்கிறது, அதைத் திறக்கும் சாவி எங்கே தொங்குகிறது, அவசர மருந்து டிராலி எந்த மூலையில் நிற்கிறது, சக்‌ஷன் கருவி (சளியை உறிஞ்சி எடுப்பது) ஓடுகிறதா, கை கழுவ எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று நடந்து பாருங்கள். பிறகு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய், பெயரையும் ஆண்டையும் சொல்லி, இதுவரை எதையெல்லாம் செய்து பழகியிருக்கிறீர்கள், எதைச் செய்ததில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். செய்யாததைச் செய்ததாகச் சொன்னால், அன்று மாலைக்குள் அது தெரிந்துவிடும். தெரிகிற இடம் ஒரு நோயாளியின் உடம்பாக இருக்கும்.

குப்பைத் தொட்டியின் நிறங்களை முதல் நாளே மனப்பாடம் செய்யுங்கள். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, இரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளில், கையுறையும் டிரிப் செட்டும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில், மருந்து அடைத்து வரும் சிறு கண்ணாடி ஆம்பியூலும் குப்பியும் நீலத்தில் போக வேண்டும். இதில் தவறினால் காயம்படுவது பெரும்பாலும் நாமல்ல. பையைத் தூக்கிச் செல்லும் தூய்மைப் பணியாளர்தான்.

கை கழுவுவதை ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் செய்யுங்கள். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, கைத் தேய்ப்புத் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி ஆகும். கையுறை போட்டிருப்பதால் கை கழுவ வேண்டியதில்லை என்ற எண்ணம் தவறு.

நோயாளியிடம் பேசுவது

படுக்கை எண்ணைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். "பாட்டி, வணக்கம், நான் நர்சிங் ஸ்டூடண்ட், உங்களுக்குக் காய்ச்சலும் பிரஷரும் பார்க்க வந்திருக்கேன், பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மாணவி என்பதை மறைக்க வேண்டாம். சிலர் வேண்டாம் என்பார்கள்; அது அவர்களுடைய உரிமை. சிஸ்டரிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெரும்பாலானோர் மறுப்பதில்லை. "வா தாயி, பார்த்துப் படிச்சுக்கோ" என்று கையை நீட்டிய எத்தனையோ பேரின் கைகளில்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றேன்.

பெயர் கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத பாட்டியும் அரைத் தூக்கத்தில் இருப்பவரும் "ஆமா" என்றுதான் தலையாட்டுவார்கள். "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைத்து, உள்நோயாளி எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே வார்டில் மூன்று லட்சுமிகள் இருப்பது நம் ஊரில் சாதாரணம். கேஸ் ஷீட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்புத் தாளில்) கணவர் பெயர் இருக்கிறதே என்று அதைக் கேட்டால், வயதான பெண்கள் பலர் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். ஊரையும் வயதையும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

"எனக்கு என்ன நோய், சொல்லு தாயி" என்ற கேள்வி கட்டாயம் வரும். நோயின் பெயரையோ பரிசோதனை முடிவையோ மாணவி சொல்லக் கூடாது. ஆனால் "எனக்குத் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதும் சரியல்ல. "டாக்டர்கிட்ட கேட்டு, உங்ககிட்ட வந்து பேசச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடியே போய்க் கேளுங்கள். திரை போடாமல் எவருடைய உடையையும் விலக்காதீர்கள். பெண்கள் வார்டுக்கு வரும் ஆண் மாணவர்கள் இத்தகைய வேலைகளில் ஒரு சிஸ்டரையோ தோழியையோ உடன் வைத்துக்கொள்வது நோயாளிக்கும் அவர்களுக்கும் நல்லது.

உயிர்க்குறிகள்

முதலாம் ஆண்டு மாணவிக்கு வார்டில் கிடைக்கும் பெரும்பாலான வேலை வெப்பநிலை, நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் பார்த்து சார்ட்டில் எழுதுவதுதான். இதைச் சின்ன வேலை என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன்.

இரண்டாவது வாரத்தில் பெண்கள் மருத்துவ வார்டில் பன்னிரண்டு பேருக்குப் பார்க்கும்படி என்னை விட்டார்கள். ரவுண்ட்ஸ் வருவதற்குள் முடிக்க வேண்டுமென்ற அவசரத்தில், முந்தைய டியூட்டியில் எல்லோருக்கும் மூச்சு 20 என்று எழுதியிருந்ததைப் பார்த்து நானும் எல்லோருக்கும் 20 என்றே எழுதினேன். சிறிது நேரத்தில் மூத்த சிஸ்டர் ஒருவர் சார்ட்டைக் கையில் பிடித்தபடி ஏழாவது படுக்கைக்கு என்னை அழைத்துப் போனார். இருமலோடு சேர்ந்திருந்த ஒரு பாட்டி, தலையணையில் சாய்ந்து, பேசாமல் கண்ணை மூடியிருந்தார். "இந்தம்மா மூச்ச எண்ணுனியா, எழுதுனியா?" என்று சிஸ்டர் மெதுவாகத்தான் கேட்டார். இருவரும் நின்று ஒரு நிமிடம் எண்ணினோம். சேலைத் தலைப்புக்குக் கீழே கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. எண்ணிக்கை 34 வந்தது. டியூட்டி டாக்டர் வந்து, ஆக்சிஜன் வைத்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது நிமோனியா ஒரு பக்க நுரையீரலின் அடிப்பகுதியைப் பிடித்திருந்தது. பாட்டி பிழைத்து வீட்டுக்குப் போனார். நான் எழுதிய 20-ஐ ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 34 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதை இன்றுவரை மறக்கவில்லை.

ஆகவே மூச்சை எண்ணும் முறையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். மூச்சை எண்ணப்போகிறோம் என்று சொல்லிவிட்டால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். எனவே நாடியை எண்ணி முடித்ததும் விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்காமல், இன்னும் நாடிதான் பார்க்கிறோம் என்பதுபோல் இருந்துகொண்டு, நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. போர்வையும் சேலையும் மறைத்தால் நோயாளியின் கையை அவர் வயிற்றின்மேல் வைத்து, கை எழும்புவதைப் பாருங்கள். முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. எண்ணிக்கையோடு, கழுத்துத் தசை இழுக்கிறதா, மூக்கு விரிகிறதா, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிகிறதா என்பதையும் பாருங்கள். உடல்நிலை மோசமாகும்போது பல நேரம் முதலில் மாறுவது மூச்சுதான். அதை எண்ணாமலே எழுதும் வழக்கம் பல இடங்களில் இருப்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் பதறுகிறது.

நாடி இயல்பாக 60 முதல் 100 வரை இருக்கும். கட்டைவிரலால் பார்த்தால் உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். சுட்டுவிரலையும் நடுவிரலையும் பயன்படுத்துங்கள். அக்குளில் வெப்பநிலை பார்க்கும்போது வியர்வையைத் துடைத்துவிட்டு வையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி, நகப்பூச்சு உள்ள விரலிலும் சில்லிட்ட கையிலும் தவறான எண்ணைக் காட்டலாம். விரலை மாற்றிப் பாருங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு நோயாளி ஐந்து நிமிடமாவது அமைதியாக இருந்திருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பட்டை கையின் பருமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகத்தான் வரும். முதலில் நாடியைத் தொட்டபடி காற்றடித்து, நாடி மறையும் இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்து அதற்கு மேல் 30 மி.மீ. ஏற்றி, விநாடிக்கு 2 அல்லது 3 மி.மீ. வீதம் இறக்குங்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (இரத்தக் குழாய் இணைப்பு) போட்ட கையிலும், மார்பக அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையிலும், டிரிப் ஓடும் கையிலும் பட்டையைச் சுற்றாதீர்கள். சத்தம் கேட்கவில்லையென்றால் "சிஸ்டர், எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். என்னோடு படித்த எல்லோருக்கும் முதல் வாரத்தில் கேட்கவில்லை. கேட்காமலே 120/80 என்று எழுதுவதுதான் குற்றம்.

உள்ளே போவதும் வெளியே வருவதும்

திரவக் கணக்கு எழுதும் சார்ட்டை மாணவிகளிடம்தான் கொடுப்பார்கள். நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளரில் எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு முறை அளந்து வைத்துக்கொண்டால், கஞ்சியும் காப்பியும் எத்தனை டம்ளர் குடித்தார் என்று கேட்டே கணக்கிடலாம். துணைக்கு இருக்கும் மகளிடமோ மருமகளிடமோ விளக்கிச் சொன்னால் அவர்கள் மிகச் சரியாகக் கணக்கு வைப்பார்கள். சிறுநீரக நோயாளிக்கு உறவினர் அன்போடு இளநீர் வாங்கி வந்திருந்தால், அதிலுள்ள பொட்டாசியம் அவருக்குத் தீங்காகலாம் என்பதால், கொடுக்கும் முன் சிஸ்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். சிறுநீர், உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டருக்குக் குறையாமல் வர வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது மணிக்கு 30 மி.லி. அதற்குக் கீழே போனால் எழுதி வைத்தால் மட்டும் போதாது, வாயாலும் சொல்ல வேண்டும்.

டிரிப் வேகத்தைக் கணக்கிட, செட்டின் உறையில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 20 சொட்டு செட்டில் 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க, நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு வரும். நோயாளி கையை மடக்கினாலே வேகம் மாறிவிடும் என்பதால், சரிசெய்த கால் மணி நேரத்தில் திரும்ப வந்து எண்ணுங்கள்.

மருந்தும் ஊசியும்

மாணவி தனியாக மருந்து கொடுக்கக் கூடாது. யார் அவசரப்படுத்தினாலும் "கூட நில்லுங்கள், சிஸ்டர்" என்று கேளுங்கள். சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் ஆகியவற்றை மருந்தை எடுக்கும்போதும், ஏற்றும்போதும், கொடுக்கும் முன்னும் என மூன்று முறை பாருங்கள். "முன்னாடி ஏதாவது ஊசி, மாத்திரை ஒத்துக்காம போயிருக்கா?" என்ற கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள்.

இரண்டு மருந்துகளில் எனக்கு எப்போதும் பயம் உண்டு. அந்தப் பயம் உங்களுக்கும் இருக்கட்டும். முதலாவது இன்சுலின். நம் நாட்டில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ளதும் புழக்கத்தில் இருக்கின்றன. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு உரியது. ஆரஞ்சு மூடி 100-க்கு உரியது. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை தாழ்ந்து நோயாளி நினைவிழக்க அது போதும். இரண்டாவது பொட்டாசியம் குளோரைடு. அதை நேரடியாக இரத்தக் குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும்; சலைனில் கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். ஊசிக்கான தண்ணீர் ஆம்பியூலும் அதுவும் ஒரே டிராலியில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், சிஸ்டரிடம் சொல்லிப் பிரித்து வையுங்கள்.

போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டால், பிதுக்காமல், வாயில் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே சிஸ்டரிடமும் ட்யூட்டரிடமும் சொல்லுங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான்; ஆனாலும் தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது, 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். திட்டு விழும் என்று பயந்து இரண்டு நாள் சொல்லாமல் இருந்த தோழி ஒருத்தி எனக்கு உண்டு. அந்த இரண்டு இரவும் அவள் தூங்கவில்லை. திட்டினால் திட்டட்டும், சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். இத்தனை கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), இத்தனை ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்), இத்தனை ஊசி என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டியிருப்பதால், ஒரு நோயாளிக்குக் கதீட்டர் போடப் போகிறார்கள் என்றதும் எட்டு மாணவிகள் படுக்கையைச் சுற்றி நிற்பதைப் பார்க்கிறோம். கூனிக்குறுகிப் படுத்திருக்கும் அந்த அம்மாவின் இடத்தில் உங்கள் அம்மாவை வைத்துப் பாருங்கள். செய்பவரும் உதவுபவரும் போதும். மற்றவர்கள் திரைக்கு வெளியே போய்விடலாம். எண்ணிக்கை அடுத்த போஸ்டிங்கிலும் நிறையும்.

தகவல் சொல்வதும் எழுதுவதும்

ஏதோ சரியில்லை என்று தோன்றினால், "பாட்டி ஒரு மாதிரியா இருக்காங்க" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். யார் பேசுகிறீர்கள், எந்த நோயாளி, என்ன மாறியிருக்கிறது, எதற்காகச் சேர்ந்தவர், என்ன வேண்டும் என்ற வரிசையில் சொல்லுங்கள். "சிஸ்டர், நான் முதல் வருஷ ஸ்டூடண்ட். ஏழாவது பெட் பாட்டிக்கு மூச்சு 34, காலையில 22 இருந்தது, ஆக்சிஜன் 89 காட்டுது. இருமல், காய்ச்சல்னு நேத்து சேர்ந்தவங்க. நீங்க இப்பவே வந்து பார்க்கணும்." இப்படிச் சொன்னால் எவ்வளவு வேலையில் இருக்கும் சிஸ்டரும் எழுந்து வருவார்.

செய்த பிறகு எழுதுங்கள்; செய்யப்போகிறோமே என்று முன்கூட்டி எழுதாதீர்கள். நேரத்தைக் குறிப்பிடுங்கள். தவறினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள். கேஸ் ஸ்டடிக்குக் குறிப்பெடுக்கும்போது நோயாளியின் பெயரை எழுதாதீர்கள். காயத்தையோ கேஸ் ஷீட்டையோ கைபேசியில் படமெடுக்காதீர்கள்.

முதல் மரணம்

எப்போது என்று சொல்ல முடியாது, ஆனால் முதல் ஆண்டிலேயே வரக்கூடும். எனக்கு ஐந்தாம் வாரத்தில் வந்தது. உடலைத் துடைத்து, கண்ணையும் வாயையும் மூடி, தாடையையும் கால் விரல்களையும் கட்டி, வெள்ளைத் துணியால் போர்த்தும் வேலைக்கு ஒரு சிஸ்டர் என்னையும் சேர்த்துக்கொண்டார். "ஐயா, கையத் துடைக்கிறேன்", "ஐயா, திருப்பிப் படுக்க வைக்கிறேன்" என்று உயிரோடு இருப்பவரிடம் சொல்வதுபோலவே ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்தார். நானும் அப்படியே சொன்னேன். கை நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. வெளியே அழுதுகொண்டிருந்த மகளிடம் எங்களால் பேச ஒன்றுமில்லை; ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்றிரவு அழுகை வந்தால் அழுங்கள். மறுநாள் ட்யூட்டரிடமோ மூத்த மாணவி ஒருத்தியிடமோ நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

டியூட்டி முடிந்ததும்

கிளம்பும் முன் நீங்கள் பார்த்த நோயாளிகளிடம் "போய்ட்டு வர்றேன் பாட்டி, அடுத்து வேற சிஸ்டர் வருவாங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். காலையில் காய்ச்சல் பார்த்த பெண் எங்கே போனாள் என்று அவர்கள் மாலை வரை தேடுவதுண்டு. விடுதியில் சீருடையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். அன்று காதில் விழுந்து புரியாமல் போன மருந்துப் பெயர் ஒன்றையும் நோயின் பெயர் ஒன்றையும் புத்தகத்தில் தேடிக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, கடிகாரத்தின் விநாடி முள் ஓடுகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் படுங்கள்.